ஆர்கெஸ்ட்ரா நடத்துநர்களுக்கான கோடைப் பயிலரங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. வாத்தியக்காரர்களுக்கு எதிரே நின்று கையசைத்து அதை நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். அந்த இடத்தில் நிற்க என்ன படிக்க வேண்டும், எங்கே போக வேண்டும் என்று வயலினும் பியானோவும் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களைவிட அதிகமாகப் பெற்றோர் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நடத்துவதைக் கற்கக் கோடைப் பயிலரங்கு எதற்கு? இசைக் கல்லூரி போதாதா?

வயலின் படிப்பவர் காலையில் எழுந்து பெட்டியைத் திறந்தால் சாதகம் தொடங்கிவிடலாம். நடத்துநருக்கு அது முடியாது. அவர் பழக வேண்டியது எழுபது மனிதர்களோடு. அத்தனை பேரையும் ஓர் அரங்கில் உட்கார வைக்க எந்தக் கல்லூரிக்கும் பெரும் செலவு ஆகும். அதனால் பெயர் பெற்ற கல்லூரிகளில்கூட மாணவர்கள் வாரக்கணக்கில் இரண்டு பியானோக்களை வைத்துத்தான் பழகுகிறார்கள். முழு ஆர்கெஸ்ட்ரா எப்போதாவதுதான் கிடைக்கும். கோடையில் வழக்கமான சீசன் ஓய்ந்திருக்கும். அப்போது வாத்தியக்காரர்கள், அரங்கம், ஆசிரியர் மூன்றும் ஓரிடத்தில் சில வாரங்களுக்குச் சேர்ந்து கிடைக்கும். பயிலரங்கில் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது இதைத்தான்.

இந்தப் பயிலரங்குகளுக்குக் கோடை என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் ஊர் ஏப்ரல், மே விடுமுறையோடு அது பொருந்தாது. கல்லூரியில் படிப்பவர்கள் முன்கூட்டியே விடுப்பு கேட்டு வைக்க வேண்டும்.

முக்கியமான பயிலரங்குகள் எவை?

அமெரிக்காவில் மூன்று பெயர்களை முதலில் சொல்வார்கள். மெய்ன் மாநிலத்தின் ஹான்காக் கிராமத்தில் பியர் மோன்ட்யூ பள்ளி, மாசசூசெட்ஸின் லெனாக்ஸில் டாங்கிள்வுட், கொலராடோ மலைகளில் ஆஸ்பென். ஆஸ்பெனில் நடத்துநர்களுக்கான அகாடமியை 2000இல் தொடங்கியவர் டேவிட் ஜின்மன். அவர் மோன்ட்யூவின் மாணவர், பிறகு உதவியாளர். கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் நடக்கும் கப்ரியோ விழாவில் புதிய படைப்புகளுக்கே முதலிடம். இசையை எழுதியவரே அரங்கில் உட்கார்ந்திருப்பார்.

ஐரோப்பாவில் இத்தாலியின் சியென்னாவில் உள்ள கிஜியானா அகாடமி 1932இல் தொடங்கியது. 1956 கோடையில் அங்கே நடத்துநர் வகுப்பில் ஒன்றாக இருந்தவர்கள் ஜூபின் மேத்தா, கிளாடியோ அப்பாடோ, டேனியல் பாரன்பாயிம். பாரன்பாயிமுக்கு அப்போது 13 வயது. எஸ்தோனியாவின் கடலோர ஊரான பர்னுவில் நேமே யார்வியும் அவர் மகன் பாவோ யார்வியும் நடத்தும் அகாடமி, சுவிட்சர்லாந்தின் க்ஷ்டாட் அகாடமி ஆகியவை இந்த நூற்றாண்டில் பெயர் வாங்கியவை.

ஹான்காக் பள்ளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

எனக்குப் பிடித்த முறை அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1913இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ அரங்கேறியபோது அரங்கில் கூச்சலும் ரகளையும் நடக்க, அசையாமல் கடைசி வரை நடத்தி முடித்தவர் பியர் மோன்ட்யூ. அவர் முதலில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள வாத்தியம்) வாசித்தவர். 1902இல் டெபுஸியின் ஒபேரா ‘பெல்லியாஸ்’ முதன்முதலாக மேடையேறியபோது வயோலா வரிசையின் தலைவராக உட்கார்ந்திருந்தார். 1930களில் பிரான்ஸில் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். போர் வந்த பிறகு, மனைவி டோரிஸின் சொந்த ஊரான ஹான்காக்கில் 1943இல் பள்ளியைத் தொடங்கினார். லோரின் மாஸெல், ஆந்த்ரே ப்ரெவின், நெவில் மாரினர் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். 1964இல் அவர் இறந்த பிறகு சார்ல்ஸ் ப்ரூக் பொறுப்பேற்று 1995 வரை நடத்தினார்.

அங்கே ஆர்கெஸ்ட்ராவை வெளியிலிருந்து வாடகைக்கு எடுப்பதில்லை. வருகிற நடத்துநர்களே ஆர்கெஸ்ட்ரா. காலையில் பத்து நிமிடம் நீங்கள் மேடையில் நிற்பீர்கள். இறங்கியதும் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து, அடுத்த ஆள் நடத்துவதற்கு வாசிப்பீர்கள். ஜூன், ஜூலையில் சுமார் ஆறு வாரம் இப்படியே போகும். ஒவ்வொரு வாரமும் கற்ற இசையை ஊர்மக்கள் முன் கச்சேரியாகவும் வாசித்துவிடுவார்கள்.

உட்கார்ந்து வாசிப்பதில்தான் பாடமே இருக்கிறது. ஒருவர் கையை அழகாக வீசுகிறார். உங்களுக்கோ எந்த இடத்தில் வில்லைப் போடுவது என்று தெரியவில்லை. இன்னொருவர் கையை அரை அடிதான் அசைக்கிறார், எல்லோரும் ஒரே கணத்தில் சேர்ந்து வாசிக்கிறீர்கள். ஏன் என்று உங்கள் உடம்புக்கே புரிந்துவிடும். மறுநாள் நீங்கள் மேடை ஏறும்போது அந்த நினைவு கையில் இருக்கும். மோன்ட்யூ இளம் நடத்துநர்களுக்குச் சொன்ன விதிகளில் இரண்டு: தேவையில்லாத அசைவு கூடாது, மெல்லிய இடம் வந்தாலும் குனியக் கூடாது. வயோலா வரிசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து எதிரே நின்றவர்களைப் பார்த்தவர் வைத்த விதிகள் இவை.

இந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்க ஆர்கெஸ்ட்ரா வாத்தியம் ஒன்றைச் சரளமாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

டாங்கிள்வுட்டில் இடம் கிடைக்குமா?

கடினம். 1940இல் பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர் கூஸெவிட்ஸ்கி அங்கே பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது முதல் ஆண்டு மாணவர்களில் ஒருவர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். இன்றும் நடத்துநர்களாக மிகச் சிலரையே எடுக்கிறார்கள். தேர்வாகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பம் குவியும். ஏற்கெனவே மேடை அனுபவம் உள்ளவர்களுக்கான இடம் அது. முதல் பயிலரங்காக அதைக் குறிவைக்க வேண்டாம்.

மேடையில் ஒரு மாணவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

ஒரு முறைக்குப் பத்து முதல் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தில் எவ்வளவு நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனித் தொடக்கம் எல்லோருக்கும் தெரியும்: மூன்று குட்டை ஸ்வரம், ஒரு நீண்ட ஸ்வரம். ஆனால் ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்த்து எழுதிய இசைப் பிரதியில்) முதலில் இருப்பது ஸ்வரம் இல்லை, ஒரு சின்ன மௌனம். கை கீழே இறங்கும் அடி அந்த மௌனத்தின் மேல் விழுகிறது. வயலின்களும் மற்றத் தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டுகளும் அதற்குப் பிறகே நுழைய வேண்டும். வேகத்தைச் சொல்ல உங்களிடம் இருப்பது கையை மேலே தூக்கும் ஒரே ஒரு அசைவு. புதிய மாணவர் பயத்தில் காற்றில் இரண்டு, மூன்று அடி கூடுதலாகப் போடுவார். எது உண்மையான அடி என்று தெரியாமல் பாதிப் பேர் முன்னால் பாய்வார்கள், பாதிப் பேர் தயங்குவார்கள். ஆசிரியர் பின்னாலிருந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து, “ஒரே தடவை. மூச்சு எடுத்துக்கொண்டே தூக்கு” என்பார். மறுபடி. மறுபடி. சரியாக விழும்போது எழுபது பேரும் ஒன்றாகத் தாக்குவார்கள். அரங்கில் உள்ள அத்தனை பேருக்கும் வித்தியாசம் கேட்கும்.

அடுத்தது நிறுத்தம். நீண்ட ஸ்வரத்தை எப்போது வெட்டுவது, வெட்டும் அசைவே அடுத்த நுழைவுக்கான தயாரிப்பாகவும் இருக்க முடியுமா, முடிந்தால் நடுவில் இடைவெளி எவ்வளவு? அதே வடிவம் இரண்டாவது முறை வரும்போது, நீண்ட ஸ்வரத்தைப் பீத்தோவன் முதலாவதைவிட ஒரு பார் (ஸ்கோரில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாள அளவு) நீட்டி எழுதியிருக்கிறார். கவனித்தீர்களா? அதைக் கையில் காட்டினீர்களா? பத்து நிமிடம் முடிந்திருக்கும். முதல் ஐந்து பார் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

அதே பீத்தோவனின் முதல் சிம்பொனியின் முதல் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) சிக்கல் வேறு. தந்திக்காரர்கள் விரலால் மீட்டுகிறார்கள், ஊதுகருவிக்காரர்கள் மூச்செடுத்து ஊதுகிறார்கள். மீட்டும் ஒலி உடனே வந்துவிடும், ஊதும் ஒலி வரச் சற்று நேரமாகும். இரண்டும் சேர்ந்து விழ, தூக்கும் கையில் ஊதுபவருக்கான மூச்சு இருக்க வேண்டும். பயிலரங்குகளில் இந்த இரண்டு இடங்களையும் திரும்பத் திரும்ப வைப்பதற்குக் காரணம் இதுதான்.

எனக்குக் கர்நாடக சங்கீதப் பயிற்சிதான் இருக்கிறது. அது உதவுமா?

பாதி உதவும், பாதி மறக்க வேண்டியிருக்கும்.

உதவும் பகுதி லயம். ஏழு, ஐந்து என்று மாறி மாறி வரும் கணக்குகளை ஸ்ட்ராவின்ஸ்கி, பார்த்தோக் எழுதியிருப்பதைப் பார்த்து மேல்நாட்டு மாணவர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். மிஸ்ர சாபுவிலும் கண்ட சாபுவிலும் வளர்ந்தவருக்கு அது உடம்பிலேயே இருக்கும். ஸ்ருதி கூடுதல் குறைவைக் கண்டுபிடிக்கும் காதும் பெரிய சொத்து.

மறக்க வேண்டியது தாளம் போடும் பழக்கம். நாம் தாளம் போடும்போது அடி விழுவதும் அட்சரமும் ஒரே கணம்; பாடகர், மிருதங்கம், தாளம் போடும் ரசிகர் எல்லோரும் அந்தக் கணத்தில் சேர்ந்து இருக்கிறோம். ஆர்கெஸ்ட்ரா நடத்துபவர் அடுத்து வரப்போவதை முந்தியே சொல்ல வேண்டும். வேகம், அழுத்தம், குணம் எல்லாம் ஒலி பிறப்பதற்கு முந்தைய அசைவிலேயே இருக்க வேண்டும். கேட்கும் ஒலியோடு சேர்ந்து அடி போட ஆரம்பித்தால் நீங்கள் பின்தொடர்கிறவர் ஆகிவிடுவீர்கள். ஆர்கெஸ்ட்ரா மெல்ல மெல்ல வேகம் குறைந்துகொண்டே போகும். நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் வாரத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஐந்து கோட்டு நொட்டேஷனைச் சரளமாகப் படிக்கத் தெரியாமல் போவதில் பயன் இல்லை. அதற்கு ஓரிரு ஆண்டு தனியாக உழைக்க வேண்டும்.

பியானோ அவசியமா?

மேதையாக வாசிக்க வேண்டாம். ஸ்கோரின் பல வரிகளைச் சேர்த்து வாசித்துப் பார்க்கும் அளவுக்குக் கை பழகியிருக்க வேண்டும்.

ஸ்கோரை எப்படித் தயார் செய்வது?

பயிலரங்கு தொடங்க மூன்று மாதமாவது இருக்கும்போதே இசைப் பட்டியலை அனுப்பிவிடுவார்கள். வந்த அன்றே தொடங்குங்கள். ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அதோடு கையை ஆட்டிப் பழகுவது மிகவும் கெட்ட பழக்கம். அங்கே நடத்துகிறவர் வேறொருவர், நீங்கள் அவர் பின்னால் ஓடுகிறீர்கள். முதலில் மௌனமாகப் படியுங்கள். சொற்றொடர்கள் எத்தனை பாருக்கு ஒரு முறை முடிகின்றன என்று பென்சிலால் கோடு போடுங்கள். ஒன்பதாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் நான்கு நான்கு பாராகப் போய்க்கொண்டிருப்பது ஓரிடத்தில் மூன்று மூன்றாக மாறுகிறது. அதைப் பீத்தோவனே எழுத்தில் சொல்லியிருக்கிறார். மற்ற இடங்களில் நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு வரியையும் பாடுங்கள், வயோலாவின் வரி உட்பட. வயோலாவின் க்ளெஃப் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும் குறி) வேறு. பி-ஃப்ளாட் கிளாரினெட் எழுதியிருப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். எஃப் ஹார்ன் ஒரு பஞ்சமம் கீழே. டபுள் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே. ஒத்திகையில் ஹார்ன் வாசிப்பவர் கையை உயர்த்தி “என் ஸ்வரம் என்ன?” என்று கேட்டால் உடனே பதில் வர வேண்டும்.

பழைய ஸ்கோர்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனாலும் பயிலரங்கில் எந்தப் பதிப்பை வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரைட்கோஃப் பதிப்பகத்தின் பழைய பதிப்பை நீங்கள் வைத்திருந்து, அவர்கள் மேஜையில் பேரன்ரைட்டர் பதிப்பகத்தின் பதிப்பு இருந்தால் சில இடங்களில் குறிகளே வேறாக இருக்கும். கிடைத்த நிமிடங்கள் அந்தக் குழப்பத்திலேயே போய்விடும்.

விண்ணப்பத்துக்கு வீடியோ கேட்கிறார்கள். எனக்கு ஆர்கெஸ்ட்ராவே இல்லையே?

சென்னையில் இருந்துகொண்டு இந்தக் கவலை வருவது நியாயம். முழு ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சிறு குழுவை ஏற்பவையும் இருக்கின்றன. லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஆசிரியர் இல்யா மூசின் இரண்டு பியானோக்களை வைத்தே வகுப்பு நடத்தினார். கெர்கியெவ், தெமிர்கானவ், பிச்கோவ் எல்லோரும் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். ஐந்து தந்தி வாத்தியக்காரர்கள், அல்லது இருபது பேர் கொண்ட தேவாலயப் பாடகர் குழு கிடைத்தாலும் எடுக்கலாம்.

கேமரா வாத்தியக்காரர்கள் பக்கம் இருந்து உங்களைப் பார்க்க வேண்டும்: முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. வேகமான ஒன்று, மெதுவான ஒன்று. ஒத்திகையில் நிறுத்திப் பேசித் திருத்தும் சில நிமிடங்களையும் சேருங்கள். தேர்வாளர்கள் அதை விரும்பிப் பார்ப்பார்கள். நிறுத்தும்போது யாருக்கு, எந்த பாரில், என்ன என்ற வரிசையில் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பார்வையாளராக மட்டும் போவதில் பயன் உண்டா?

உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதே அதைத்தான். கட்டணம் குறைவு, வீடியோ பெரும்பாலும் தேவையில்லை, எல்லா வகுப்பையும் பார்க்கலாம். வியன்னாவில் படித்த காலத்தில் ஜூபின் மேத்தாவும் அப்பாடோவும் பெரிய நடத்துநர்களின் ஒத்திகையைப் பக்கத்திலிருந்து பார்க்க வழி தேடி, பாடகர் குழுவில் தாழ்குரல் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். புரூனோ வால்ட்டர், கரயான் ஆகியோரின் கைகளை அவர்கள் பார்த்துப் படித்தது அந்த வரிசையில் நின்றுதான். பார்வையாளராகப் போனால் ஸ்கோரோடு உட்காருங்கள். மாணவரின் கையையும் அதற்கு ஆர்கெஸ்ட்ரா கொடுத்த பதிலையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.

செலவு?

கட்டணம், விண்ணப்பக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விமானம், விசா, காப்பீடு. கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். இந்தியாவிலிருந்து போகிறவருக்கு மற்றவை சேர்ந்தால் அதைத் தாண்டிவிடலாம். உதவித்தொகைக்கு விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும், இடம் கிடைத்த பிறகு கேட்டால் பணம் பங்கிடப்பட்டிருக்கும்.

நல்ல பயிலரங்கை எப்படி அடையாளம் காண்பது?

இதில் நான் கறாராகவே இருப்பேன். பணம் கட்டிய எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, கடைசி நாளில் மேடையில் படம் எடுத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. வேலைக்கு எடுப்பவர் யாரும் அந்தச் சான்றிதழைப் பார்ப்பதில்லை. கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர் நடத்தப் போகிறார்கள்? எனக்கு உறுதியாக எத்தனை நிமிடம்? அதில் எவ்வளவு முழு ஆர்கெஸ்ட்ராவோடு, எவ்வளவு பியானோவோடு? வாசிப்பவர்கள் யார், வரிசைக்கு எத்தனை பேர்? அறிவிப்பில் உள்ள ஆசிரியர் எல்லா நாளும் இருப்பாரா? வீடியோ பதிவைக் கையில் தருவார்களா? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

வீடியோவைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபின்லாந்தின் யோர்மா பானுலா சிபெலியஸ் அகாடமியில் மாணவர்கள் நடத்துவதைப் பதிவு செய்து, பிறகு சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வைத்தார். அதிகம் பேச மாட்டார். மாணவர் தன் குறையைத் தானே பார்ப்பார். ஸலோனன், ஸரஸ்தே, ஓரமோ, இந்தத் தலைமுறையில் கிளவுஸ் மாகெலா எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். சிறிய நாடு ஒன்று இத்தனை நடத்துநர்களைத் தந்ததற்கு, மாணவர் வாரந்தோறும் வாத்தியக் குழுவின் முன் நின்றதும் தன் கையைத் தானே பார்த்ததும் முக்கியக் காரணங்கள் என்று நினைக்கிறேன்.

பெண்களுக்குத் தனி வாய்ப்புகள் உண்டா?

உண்டு. அமெரிக்க நடத்துநர் மரின் ஆல்சப் 2002இல் தொடங்கிய தாகி ஆல்சப் உதவித்திட்டமும், டாலஸ் ஒபேரா 2015 முதல் நடத்தும் பெண் நடத்துநர்களுக்கான ஹார்ட் பயிலகமும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை. பொதுவான பயிலரங்குகளுக்கும் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

உங்கள் வாத்தியம், ஸ்கோர்கள், பென்சில், இரண்டு பேட்டன், அதாவது நடத்தும் கோல் (ஒன்று உடையும்). பேட்டன் 30 முதல் 40 சென்டிமீட்டருக்குள், கை மடக்கில் உட்காரும் பிடியோடு இருந்தால் போதும். விலை உயர்ந்தது வேண்டாம். கோலின் நுனி தெளிவாகத் தெரிய, கறுப்பு அல்லது அடர்நிறச் சட்டை.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? விசா?

பல இடங்களில் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே கடைசி நாள் வந்துவிடும். எந்த வகை விசா என்பதைப் பயிலரங்கு தரும் அழைப்புக் கடிதத்தையும் அந்நாட்டுத் தூதரக விதிகளையும் வைத்தே முடிவு செய்யுங்கள்; தெரிந்தவர் சொன்னார் என்று சுற்றுலா விசாவில் போய்விடாதீர்கள்.

முடித்து வந்தால் வேலை கிடைக்குமா?

நேரடியாகக் கிடைக்காது. செய்ஜி ஒசாவா 1959இல் பிரான்ஸின் பெஸான்சன் போட்டியில் வென்றார், 1960இல் டாங்கிள்வுட்டில் கூஸெவிட்ஸ்கி பரிசு பெற்றார், அதற்கடுத்த ஆண்டே பெர்ன்ஸ்டைன் அவரை நியூயார்க்கில் உதவி நடத்துநராக எடுத்தார். அப்படி நடப்பது அபூர்வம். பெரும்பாலானவர்களுக்குப் பயிலரங்கில் கிடைப்பது நல்ல வீடியோ, ஓர் ஆசிரியரின் பரிந்துரை, மேடை ஏறக் காத்திருக்கும் வேறு சிலரின் நட்பு. அவற்றை வைத்து முதுகலைப் படிப்புக்கோ உதவி நடத்துநர் தேர்வுக்கோ விண்ணப்பிக்கலாம்.

இந்த ஆண்டு போக வழியில்லை. ஊரில் இருந்தே என்ன செய்யலாம்?

பாடகர் குழுவில் சேருங்கள். மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893 முதல் இருக்கிறது. தேவாலயக் குழுக்கள் நிறைய உண்டு. வயலின் வாசிப்பவர் வயோலாவையும் பழகினால் எந்த ஆர்கெஸ்ட்ராவிலும் வரவேற்பு இருக்கும். மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவின் கச்சேரி நாட்களைப் பார்த்து, ஒத்திகையில் உட்கார அனுமதி கேட்டு எழுதுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். வாசிக்கப்போகும் ஸ்கோரை முன்பே படித்துவிட்டு, பென்சிலோடு போங்கள். நடத்துநர் எங்கெல்லாம் நிறுத்துகிறார், நிறுத்தி என்ன சொல்கிறார் என்று பார் எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள்.